முதல் ஞாயிறுக்கு அடுத்த திங்கள்

அன்று சனிக்கிழமை. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. நற்கருணைக்கான ரொட்டியை அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்துக் கவிழ்த்திருந்தேன். அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே நன்றாக வெந்திருந்தால் காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தது, கூடவே போனும் அடித்தது. ஹெப்சிபா பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. இப்பதான், அஞ்சு நிமிஷம் ஆவுது. திருப்பதி ஆஸ்பத்திரிலதான் கீறோம்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் சூடான ரொட்டியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கை வெந்தது பிறகுதான் தெரிந்தது.

சித்தூரில் நம் சபையில் சுகிர்தம் டீச்சரை அறியாதவர்கள் இல்லை. பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், மீதிப் பேரைப் பாடகர் குழுவில் சுருதி விலகியதற்காகத் திட்டினார். அவருக்குக் கோதுமை ஆகாது என்பதும், குடலில் புற்று வந்து இறந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். நம் சபை இதழில், உங்கள் எல்லார் முன்னாலும், அந்த வாக்கை முறிக்கப் போகிறேன். அவருடைய ஒரே மகள் ஹெப்சிக்காகத்தான் முறிக்கிறேன். அதற்காகச் சுகிர்தம் அக்கா என்னைத் திட்டுவதானால் திட்டட்டும், பழகியதுதான்.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. ரொட்டிக்கடைக்காரன். என் தாத்தா காலத்திலிருந்து சபைக்கு நற்கருணை ரொட்டி எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. சனிக்கிழமை மாலை ஓரங்களைச் சீவிவிட்டு, ஆளுக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக அதை நறுக்கி வைப்பதும் நான்தான். மூன்று தலைமுறைப் பெருமை அது. அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் நானும் ஒரே போர்டிங்கில் வளர்ந்தவர்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவர். டீச்சரான பிறகு தினமும் காலையில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு என் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். போகிற போக்கில் படியேறி ஒரு பன் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் படியேறாமல் ரோட்டிலேயே நின்றார்.

"உள்ள வாக்கா" என்றேன்.

"வரமாட்டேன் தேவா. உன் கடைல காத்தே மாவா கீது."

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பல வருஷமாக அவருக்கு இரத்தம் ஏறுவதே இல்லை, வயிறும் சரியில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் கைப்பிடியாக விழுங்கியும் முகம் வெளுத்தபடியே இருந்தது. கடைசியில் திருப்பதியில் ஒரு வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்திருக்கிறார். "கோதுமைல ஒரு பசை கீதாம்ப்பா, குளூட்டன்னு பேரு. பார்லிலயும் கீதாம். அது உள்ள போனா என் குடலு தன்னையே துன்னுக்கினு கீதாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். "நம்ப சோறு துன்ற ஜனம்க்கா. நமக்கு எங்க இருந்து வந்துச்சு இந்த வடநாட்டு வியாதி?" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "வீட்ல வேற யாருக்காச்சும் உண்டான்னு டாக்டர் கேட்டாரு தேவா. இல்லன்னு சொல்ட்டு வெளிய வந்தேன். பஸ்ல குந்தினப்புறம்தான் தாவீது ஞாபகம் வந்துச்சு" என்றார். தாவீது அவருடைய தம்பி, போர்டிங்கில் எனக்குப் பக்கத்துப் பாய். அந்த நாளில் எங்களுக்குப் பாதி வேளை கோதுமை ரவைச் சோறுதான். தாவீதுக்கு வயிறு உப்பும், கைகால் குச்சியாகும், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ராகிக் களி தின்று ஒரே மாதத்தில் தேறிவிடுவான். திரும்பி வந்தால் மறுபடியும் இளைப்பான். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறான் என்று வார்டன் சொன்னார், காத்து பட்டிருக்கிறது என்று ஊரில் சொன்னார்கள். போர்டிங்கில் இளைத்தவனுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி போடுவார்கள். அப்படி அவனுக்குக் கூடப் போட்டுப் போட்டு, பன்னிரண்டு வயதில் புதைத்தோம். "அன்பாத்தான்ப்பா போட்டாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அன்றோடு அவர் வீட்டிலிருந்து கோதுமை வெளியேறியது. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் எல்லாம் போயின. சப்பாத்திக் கட்டையைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். இருந்தும் உடம்பு தேறவில்லை. ஒரு வருஷம் அப்படியே கழிந்தது. வீட்டுக்குள் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அலமாரியில் உள்ள ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார் என்று ஹெப்சி சொல்வாள்.

ஒரு நாள் கடைக்கு எதிரே வந்து நின்று, ஒரு சின்ன டப்பாவை உயர்த்திக் காட்டினார். அது பெருங்காயம். அதன் பின்னால் கோதுமை மாவு என்று அச்சடித்திருந்தது. பெருங்காயத்தை அப்படியே விற்க முடியாது, கோந்தும் மாவும் கலந்துதான் கட்டியாக்குகிறார்கள் என்பது மாவிலேயே பிழைக்கிற எனக்கும் அதுவரை தெரியாது. "ரசத்துலப்பா! தினமும் ரசத்துல கீது" என்றார். உடம்பு முடியாத நாளில் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வேறெதுவும் வேண்டாமென்று ரசம் சோறு சாப்பிடுவோம். அக்காவும் அதைத்தான் செய்தார். முடியாமல் போகப் போக ரசம், ரசம் குடிக்கக் குடிக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து பெருங்காயமில்லாத, பூண்டும் மிளகும் தூக்கலான ரசம்தான் அவர் வீட்டில். அதன் பிறகு நான் பார்க்க முகத்தில் இரத்தம் ஏறியது. "பசிக்குப் பயப்படாத தேவா, பாக்கெட்டுக்குப் பயப்படு" என்று அடிக்கடி சொல்வார்.

இதைப் படித்துவிட்டு அவரை ஒரு பத்தியக்காரியாக நினைத்துவிடாதீர்கள். அவரைப்போல் ருசித்துச் சாப்பிட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை. கம்பு தோசை, அரிசி ரொட்டி, சோளப் பணியாரம் என்று வாரம் முழுவதும் வேறு வேறாகச் செய்வார். கிறிஸ்துமஸுக்கு அரிசி மாவும் வேர்க்கடலை மாவும் வெல்லமும் சேர்த்து, மணல் போட்ட பழைய அலுமினியக் குக்கரில் அவர் செய்த கேக்கைத் தின்ற பிறகு, என் கடைக் கேக்கைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும். "நல்லா துன்றதுக்குத்தான்ப்பா இந்தக் கட்டுப்பாடு. பட்டினி கெடக்க இல்ல" என்பார்.

பலமனேரில் அவருடைய தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். பந்தியில் பூரியும் கேசரியும் போட்டார்கள். அக்கா தன் இலையை ஓரமாக மடித்துவிட்டு, அடுக்குக் கேரியரைத் திறந்தார். களி உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலைச் சட்னி. பந்தியே திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் ஓடி வந்து, "ஏம் டீச்சர், மா இன்ட்லோ தினரா?" என்றார், எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டீர்களா என்று. குரலில் உண்மையாகவே வருத்தம். அக்கா தெலுங்கில் பொறுமையாக விளக்கி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "எங்க தாத்தாவ இந்த மாதிரி வீட்ல உள்ள வுட்டதில்ல. வெளிய குந்த வச்சி, தனியா ஒரு தட்டு, தனியா ஒரு டம்ளர். பேத்தி நடுப் பந்தில குந்திக்கினு உங்க சோறு எனக்கு வேணாங்கறா. காலத்தப் பாத்தியா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். தனித் தட்டு என்ற வார்த்தை அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இனிதான் அந்தச் சொல்லாத விஷயம்.

கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரு ஒரு கடிகாரம். அந்தக் குடை எட்டே காலுக்குக் கடந்து போகும். சில நாள் போகாது. எந்த நாள் என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு முறை, முதல் ஞாயிறு ஆராதனை முடிந்த மறுநாள், நற்கருணைப் பாத்திரங்களைத் துலக்கி வைத்துக்கொண்டிருந்தபோது மணியைப் பார்த்தேன். ஒன்பது. குடை வரவில்லை. போன மாதமும் பாத்திரம் துலக்கிய நாளில் அது வரவில்லை. அதற்கு முந்தின மாதமும் வரவில்லை. மூன்றும் நற்கருணைக்கு மறுநாள்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார், உதடு வெளுத்திருந்தது. "அக்கா, அந்த ரொட்டிய நீ துன்றியா?" என்று கேட்டேன். நான் நறுக்கும் ரொட்டி. கையில் வாங்கி எப்படியோ மறைத்துவிடுவார், இல்லையென்றால் நம் போதகர் ஐயரிடம் சொல்லி ஏதோ ஏற்பாடு செய்திருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை.

"தெரிஞ்சிபோச்சா? வாய மூடிக்கினு இரு" என்றார்.

"ஒரு நாளைக்கு எழுந்து போவாம குந்தியிருந்தா இன்னாக்கா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். நம் சபையில் நற்கருணைக்கு எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். சபை ஒழுங்கில் தண்டனையாக நிறுத்தி வைக்கப்பட்டவர். இன்று அப்படி யாரையும் நிறுத்துவதில்லை என்றாலும், உட்கார்ந்திருப்பவரை எல்லார் கண்ணும் ஒரு முறை தடவிவிட்டுத்தான் போகும். "எங்க நைனா கங்கம்மா ஜாத்திரைல தப்பு மோளம் அடிச்சாருன்னு ஒரு வருஷம் நிறுத்தி வச்சாங்க தேவா. அப்பன் பாட்டன் அடிச்ச தப்பு. கை கேக்கல அவருக்கு. மாசம் மாசம் எல்லாரும் எழுந்து போவாங்க. அவரு குந்தியிருப்பாரு, பக்கத்துல நான். தலைய தொங்கப் போட்டுக்கினு பெஞ்சு பலகைய நகத்தால சுரண்டிக்கினே இருப்பாரு. அந்தப் பெஞ்சுல நான் மறுபடியும் குந்த மாட்டேன்."

"அப்ப உனக்கு மட்டும் அரிசி மாவுல தனியா பண்ணித் தர்றேன். ஒரு சின்னத் தட்டுல..."

சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "தனித் தட்டா? கர்த்தரோட பந்தியிலயுமா?"

மறுபடியும் படுத்துக்கொண்டார். "ஒரு கிள்ளுதானே. ஒரு நாள் படுத்தா போயிடும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு நான்கு வருஷம், மாதம் தவறாமல், அவருக்கான துண்டையும் சேர்த்து நான் நறுக்கினேன். என்னால் முடிந்த தைரியம், சில துண்டுகளை மற்றதைவிடச் சிறியதாக நறுக்கி ஓரத்தில் வைத்ததுதான். அவை யார் கைக்குப் போயினவோ தெரியாது.

நோய் முற்றிய பிறகு, திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். மாதத்துக்கு ஒரு கிள்ளு ரொட்டியால் இது வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் என் கையையும் அதில் ஒட்டியிருந்த மாவையும் பார்த்தார். "செப்பலேம்" என்றார். சொல்ல முடியாது. கண்டுபிடிக்காமலே போன அத்தனை வருஷங்கள் இருக்கின்றன, அதுதான் பெரிய காரணமாக இருக்கலாம், ஆனால் கிள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் எழுதித்தர முடியாது என்றார். அந்தச் "செப்பலேம்" என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

உள்ளே அக்கா விழித்திருந்தார். ஹெப்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். என்னை அருகில் கூப்பிட்டு, "அவ நகத்தப் பாத்தியா?" என்றார். ஹெப்சி திருப்பதியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஹாஸ்டலில் இருந்தவள். அங்கே இரவானால் சப்பாத்திதான். இரண்டே வருஷத்தில் அவளுக்கு முகம் வெளுத்து, வாயில் புண் வந்து, நகம் குழிந்துபோயிருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்து, ஏழெட்டு மாதம் அம்மா சாப்பாட்டையே சாப்பிட்டதில் புண் ஆறி, கன்னத்தில் சதை வந்திருந்தது. "பாரு மாமா, நல்லாத்தானே கீறேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்று என்னிடமும் சொல்லியிருந்தாள். "தாவீதும் வீட்டுக்கு வந்தா தேறுவான். அவள டெஸ்ட் எடுக்க வையி தேவா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றார் அக்கா. என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவர் இறந்த மறுநாள் காலை நற்கருணை, மாலை அடக்கம். அன்று காலை நீங்கள் உண்டது போன் வந்தபோது என் கையில் இருந்த அந்த ரொட்டிதான்.

அந்த வாரமே ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தனித் தட்டுக்கு அக்கா சம்மதிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாருக்குமே அரிசி ரொட்டி வச்சிருந்தா?" என்று கேட்டார்.

நான்கு வருஷமாக நான் கேட்காத கேள்வி. அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. எனக்குத் தோன்றவே இல்லை என்று உங்களிடம் சொல்லிவிடலாம். தோன்றியது. தாத்தா காலத்து ரொட்டி, எங்கள் கடை ரொட்டி, உதிராத வெள்ளை ரொட்டி என்று அந்த யோசனையைத் தள்ளிவிட்டேன். ஒரு பெண்ணின் குடலைவிட எனக்கு என் ரொட்டி பெரிதாக இருந்தது. இதை ஐயரிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

போன மாத நற்கருணையில், "இன்னா தேவா, ரொட்டி உதிருது, கை போயிடுச்சா?" என்று பலரும் கேட்டீர்கள். காரணம் இதுதான். அது அரிசி ரொட்டி. என் கடை அடுப்பில் செய்தால் மாவுத் தூசி படும் என்பதால், அக்காவின் சமையலறையில், அவருடைய கேக் குக்கரில் செய்தேன். இனி எப்போதும் அதுதான், எல்லாருக்கும், ஒரே தட்டில். உதிர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெப்சியை உட்கார வைத்துத் தாவீதின் கதையைச் சொன்னேன். அம்மாவின் திங்கட்கிழமைகளையும் சொன்னேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "டெஸ்ட் எடுத்துக்கறேன் மாமா" என்றாள். திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வேறொன்று சொன்னார். பல மாதமாகக் கோதுமை உள்ளே போகாததால், இப்போது சோதித்தால் இரத்தத்தில் அடையாளம் காட்டாது. ஆறு வாரம் தினமும் இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டு வரவேண்டும். முடியாமல் போனால் நடுவிலேயே வரலாம்.

"வேற கடைல வாங்கிக்கறேன் மாமா" என்றாள் என் முகத்தைப் பார்த்து. வேண்டாம் என்றேன். கொடுக்கிறது என் கைதான் என்று எனக்குத் தெரிந்தாவது இருக்கட்டும்.

முதல் மூன்று வாரம் சாயங்காலம் வந்து, படியேறி, சிரித்துப் பேசிக்கொண்டே தின்றுவிட்டுப் போனாள். நான்காம் வாரம் பேச்சு குறைந்தது, வாயில் புண். பாதியிலேயே டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, முடித்துவிட்டே போகிறேன் என்றாள். போன வாரம் அம்மாவின் குடையை ஊன்றிக்கொண்டு வந்தாள். நாளை திங்கட்கிழமை, அவளுக்கு இரத்தம் எடுக்கிறார்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பதில் தெரிந்திருக்கும். எந்தப் பதிலானாலும், அவள் உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தன் கேரியரோடு வந்தால், ஒரு துண்டு கேக் தின்றால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இளைத்திருக்கிறாளே என்று கூடுதலாக ஒரு கரண்டி போடாதீர்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அலுமினியக் குக்கரும், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கமும், ஒரே தட்டு என்ற அவருடைய பிடிவாதமும். மன்னிப்புக் கேட்க நேரம் மிஞ்சவில்லை.

இதை எழுத உட்காருவதற்கு முன் ஹெப்சி வந்துவிட்டுப் போனாள். கடைசி இரண்டு துண்டு. இன்று படியேறவில்லை, ரோட்டிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"முடியல மாமா. இங்கயே குடுங்க."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையின் மேல் வலது கையை வைத்து, நற்கருணைக்கு ஏந்துவது போலவே ஏந்தினாள். நான் இறங்கிப் போய் அந்த உள்ளங்கையில் ரொட்டியை வைத்தேன். அவள் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.